அமீர்பேட்டில் பன்னிரண்டு நிமிஷம்

ஹைதராபாத் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் பிரியாணி என்பார்கள். ஒருவர் முத்து மாலை விலை விசாரித்து வரச் சொல்வார். மிச்சமுள்ள அந்த ஒருவர், பெரும்பாலும் வீட்டில் வேலை தேடும் பிள்ளை உள்ளவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அப்படியே அமீர்பேட் பக்கம் எட்டிப் பார்த்துட்டு வாங்களேன்" என்பார்.

அமீர்பேட்டில் கோட்டை கிடையாது. அரண்மனை கிடையாது. மைத்ரிவனம் என்று ஒன்று உண்டு. வனத்தைத் தேடாதீர்கள், அது ஒரு கட்டடம். சுற்றுவட்டாரத்தில் மரங்களுக்குப் பதிலாக போர்டுகள். ஜாவா, டாட்நெட், பைத்தான், டெஸ்டிங், டேட்டா சயன்ஸ் என்று போர்டின் மேல் போர்டு, அதன் மேல் பேனர், பேனரின் ஓரத்தில் நோட்டீஸ். மாடிப்படி ஏறினால் படியின் முகத்தில்கூட ஒரு ஃபோன் நம்பர். கல்யாணப் புடவைக்கு நாம் தி.நகர் போகிற மாதிரி, கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரு கோர்ஸ் வேண்டுமென்றால் ஸ்ரீகாகுளத்துப் பையனும் ஒடிசாப் பையனும் தேனிப் பையனும் இங்கேதான் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறார்கள்.

1990-களின் கடைசியில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, அப்போது இங்கே மெயின்ஃப்ரேமும் கோபாலும் சொல்லிக் கொடுத்தார்கள். 1998-ல் வாஜ்பாய் ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸைத் திறந்து வைத்தார். அங்கே வேலை, இங்கே பாடம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்துகொண்டது. அதன் பிறகு மென்பொருள் உலகில் எந்தக் காற்று அடித்தாலும் அமீர்பேட்டில்தான் முதலில் பேனர் ஆடும். வானிலை ஆராய்ச்சி நிலையம் மாதிரி. புயல் வருமோ வராதோ, கூண்டு ஏற்றிவிடுவார்கள்.

2024 ஜூலையில் நான் அங்கே போனது சொந்த ஆசையில் அல்ல. அக்கா மகன் எஞ்சினீயரிங் முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்த ஒரு வெப் ஃப்ரேம்வொர்க் கோர்ஸில் சேர்ந்தால் 45 நாளில் ஆளாகிவிடலாம் என்று எங்கோ பார்த்திருக்கிறான். ஃபீஸ் 28 ஆயிரம், ஹாஸ்டல் தனி. அக்காவிடம் இருந்தது இரண்டு வளையல்.

"நீ கூடப் போய்ப் பாருடா. பத்திரிகைல எழுதறவன், நாலு கேள்வி கேக்கத் தெரியும். சரின்னு நீ சொன்னா அடகு வெக்கறேன்" என்றாள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ப்ரோக்ராம் கோயில் திருவிழா ப்ரோக்ராம். ஆனாலும் வளையல் விவகாரமாயிற்றே. தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் நாம்பள்ளியில் இறங்கி, மெட்ரோ பிடித்தோம். ஆறாவது ஸ்டேஷன் அமீர்பேட். இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாகக் கடக்கிற பெரிய ஸ்டேஷன். வெளியே கால் வைப்பதற்குள் என் கையில் ஒன்பது நோட்டீஸ் சேர்ந்துவிட்டது. அவற்றில் மூன்று, முப்பத்தெட்டு வயசுக்காரனான என்னை 'டியர் ஃப்ரெஷர்' என்று அழைத்தன. காலையில் அதைவிட நல்ல வார்த்தை வேறென்ன வேண்டும்!

சந்துக்குள் போனால் இட்லி வண்டி, மிர்ச்சி பஜ்ஜி, புனுகுலு, ஜெராக்ஸ் கடை. இந்த ஜெராக்ஸ் கடைகள்தான் அமீர்பேட்டின் லைப்ரரி. வாத்தியார் போர்டில் எழுதியதை யாரோ ஒரு புண்ணியவான் முத்து முத்தாக நோட்டில் எழுதி வைக்க, அது நகல் எடுத்து, ஸ்பைரல் போட்டுத் தொங்குகிறது. பழைய ஃப்ரேம்வொர்க் நோட்டுகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. தேர்தல் முடிந்த மறுநாள் தோற்ற வேட்பாளர் போஸ்டர் மாதிரி.

இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கோர்ஸானாலும் முதல் வகுப்பு இலவசம். டெமோ என்கிறார்கள். பிடித்தால் பணம் கட்டலாம். நாங்கள் போன டெமோவுக்கு மூன்றாவது மாடியில் ஒரு கல்யாண ஹால் சைஸில் இடம். இருநூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் திரை. அதன் மேலே பேனர்: 'பத்து மடங்கு வேகம்! பத்துப் பேர் வேலையை ஒருவரே செய்யலாம்!'

பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்தால் மிச்ச ஒன்பது பேர் என்ன செய்வார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்த ஹாலில் இருநூறு பேர். கணக்குப் போட்டால் இருபது பேருக்குத்தானே வேலை வருகிறது! பக்கத்தில் பையன் முறைத்தான். பேசாமல் உட்கார்ந்தேன்.

வாத்தியார் நல்ல பேச்சாளர். அதைச் சொல்லியாக வேண்டும். கழுத்தில் மைக், கையில் வாட்ச், முகத்தில் புன்னகை. "பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு முழு பில்லிங் சாஃப்ட்வேர். நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தார். ஒரு வரி தட்டினார். திரையில் ஃபைல்களாகப் பொரிந்தது, அப்பளம் மாதிரி. பொருளின் பெயர், விலை, எண்ணிக்கை, வரி என்று நாலு கட்டம் கேட்டார், வந்தது. பட்டியல் கேட்டார், வந்தது. சோப்பு மூன்று, பற்பசை ஒன்று என்று பில் போட்டார். கூட்டல் சரியாக வந்தது. பிரிண்ட் பட்டனை அமுக்கினார். பதினோரு நிமிஷம் நாற்பது செகண்டு. ஹால் முழுக்கக் கைதட்டல். பையன் எழுந்தே விட்டான். அவன் கண்ணில் வளையல் இரண்டும் பளபளத்ததை நான் பார்த்தேன்.

"கேள்வி உண்டா?" என்றார் வாத்தியார்.

நான் கையைத் தூக்கினேன். ஒரு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் சம்பளமில்லாமல் உழைத்தவன். அந்த அனுபவம் என்றைக்காவது உதவாதா!

"சார், வித்த சோப்பை கஸ்டமர் திருப்பிக் கொண்டு வந்தா?"

"சிம்பிள் சார். டிலீட்." அமுக்கினார். பில் மாயமாயிற்று. யாரோ விசில் அடித்தார்கள்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. கணக்கில் அழிப்பது என்ற சமாசாரமே கிடையாது சார். தப்பாக எழுதினாலும் அதை அப்படியே வைத்துவிட்டு எதிர்ப்பதிவு போட வேண்டும். விற்ற சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட்டு. ஆறாவது நம்பர் பில்லும் எட்டாவது நம்பர் பில்லும் இருந்து ஏழாவதைக் காணோம் என்றால், அதிகாரி அதை மாயாஜாலம் என்று கைதட்ட மாட்டார்.

"இன்னொண்ணு சார். சோப்புக்கு வரி 18 பர்சென்ட். நாளைக்கு அரசாங்கம் அதைக் குறைச்சா?"

"அதுவும் சிம்பிள்." பொருள் பட்டியலில் 18-ஐ 12 ஆக்கினார்.

"இப்ப நேத்திக்குப் போட்ட பழைய பில்லைத் திறங்க சார்."

திறந்தார். பழைய பில்லின் தொகையும் குறைந்திருந்தது!

அதாவது, நேற்று நூற்றுப் பதினெட்டு ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டாகிவிட்டது. பில்லோ நூற்றுப் பன்னிரண்டு என்கிறது. மிச்சம் ஆறு ரூபாய் யாருடையது? கடைக்காரருடையதா, கஸ்டமருடையதா, கவர்ன்மென்டுடையதா? ஹாலில் சின்னதாக ஒரு சிரிப்பு ஓடியது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்.

"குட் கொஸ்டின் சார். இதெல்லாம் பிஸினஸ் லாஜிக். அட்வான்ஸ்டு பேட்ச்ல வரும்" என்றார்.

அட்வான்ஸ்டு பேட்சுக்குத் தனி ஃபீஸ் என்பதை நோட்டீஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பார்த்தேன்.

கீழே வந்து இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கினேன். பையன் பிஸ்கட்டை டீயில் நனைக்கக்கூட இல்லை. அவ்வளவு கோபம்.

"மாமா, நீங்க அந்தாளை மடக்கிட்டீங்க. அதனால ஃப்ரேம்வொர்க் மோசம்னு ஆயிடுமா? அவர் எழுதின விதம் அப்படி. பில் போடறப்பவே விலையையும் வரியையும் அதுலயே எழுதி வெச்சுட்டா முடிஞ்சுது."

"ரொம்ப சரிடா. அதை எழுதி வெக்கணும்னு யாருக்குத் தோணணும்? ஃப்ரேம்வொர்க்குக்கா, உனக்கா?"

பதில் இல்லை. பிஸ்கட்டை எடுத்தான்.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்று பையன் ரயிலிலேயே எனக்கு விளக்கியிருந்தான். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வெப்சைட் கட்டுவது கல்யாணம் பண்ணுகிற மாதிரி. அந்தக் காலத்தில் பந்தலுக்கு ஒருத்தர், சமையலுக்கு ஒருத்தர், நாதஸ்வரத்துக்கு ஒருத்தர் என்று பெண்ணைப் பெற்றவர் தனித்தனியாக அலைந்தார். இப்போது காண்ட்ராக்டர் வந்துவிட்டார். மண்டபம், மாலை, சாப்பாடு, சீர்வரிசைத் தட்டு எல்லாம் ஒரே பேக்கேஜ். லாகின் பக்கம், டேட்டாபேஸோடு பேசுவது, படிவம் சரிபார்ப்பது என்று எல்லா வெப்சைட்டுக்கும் பொதுவான எடுபிடி வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் காண்ட்ராக்டர்தான் ஃப்ரேம்வொர்க். நல்ல விஷயம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால், கல்யாணத்தில் எது கஷ்டம்? பந்தலா? பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது, பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்துவது யார், சம்பந்தி அம்மாள் எதற்காகச் சாப்பிடாமல் எழுந்து போனார்? இதையெல்லாம் எந்தக் காண்ட்ராக்டரும் பேக்கேஜில் சேர்ப்பதில்லை. அமீர்பேட் பாஷையில் இதன் பெயர்தான் பிஸினஸ் லாஜிக்!

இப்போது பி.காம். கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு நூறு நாள் உழைப்பு என்று வையுங்கள். அதில் பந்தல், சமையல் முப்பது நாள். சம்பந்தி சமாசாரம் எழுபது நாள். காண்ட்ராக்டர் பெரிய மந்திரவாதி, முப்பது நாள் வேலையை ஒரே விநாடியில் முடித்துவிடுகிறார். அப்போதும் மிச்சம் எழுபது நாள். பத்து மடங்கு வேகமென்றால் மொத்தமும் பத்து நாளில் முடிய வேண்டும். எப்படி முடியும்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஐ.பி.எம். கம்பெனியில் ஓ.எஸ். 360 என்ற ராட்சச மென்பொருளைக் கட்டி மேய்த்த ஃப்ரெட் புரூக்ஸ் 1986-லேயே எழுதிவிட்டார். மென்பொருளில் இரண்டு வகைக் கஷ்டம். ஒன்று கருவிகளால் வருவது, இன்னொன்று விஷயத்திலேயே ஊறிப் போயிருப்பது. கருவிக் கஷ்டத்தைக் கருவியால் குறைக்கலாம். விஷயத்தின் கஷ்டம் அப்படிப் போகாது. ஆகவே பத்து வருஷத்துக்குள், தனியாக நின்று பத்து மடங்கு முன்னேற்றம் தரப்போகிற ஒற்றைக் கருவியோ உத்தியோ எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். அவருக்கு 1999-ல் டூரிங் விருது கொடுத்தார்கள். ஆனால் பத்து மடங்கு பேனர்கள் நிற்கவில்லை.

டீ குடித்த தெம்பில் பையன் அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். "ரெயில்ஸ் வந்தப்பவும் இப்படித்தான் சந்தேகப்பட்டாங்க மாமா. இன்னிக்கு கிட்ஹப் அதுலதான் ஓடுது. ஷாப்பிஃபை அதுலதான் ஓடுது. என்ன சொல்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் சொல்லக்கூடிய ஆள் நீல மெட்ரோவில் எட்டாவது ஸ்டேஷனில் இருந்தான். கிளம்பினோம்.

அமீர்பேட்டிலிருந்து ஹைடெக் சிட்டி போகிற அந்தப் பாதையை நீங்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். 2019-ல் திறந்தது. யூசுஃப்குடாவின் மொட்டை மாடிகள், காயும் துணிகள், ஜூபிலி ஹில்ஸின் பாறைகள், பெத்தம்மா கோயில், துர்கம் செருவு ஏரி, அப்புறம் திடீரென்று கண்ணாடிக் கட்டடங்கள். ஏறும்போது கம்பார்ட்மென்டில் பாதிப் பேர் ஸ்பைரல் நோட்டோடு இருந்தார்கள். இறங்கும்போது பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு இருந்தார்கள். நோட்டுக்கும் அட்டைக்கும் நடுவே எட்டு ஸ்டேஷன். சிலருக்கு அந்தப் பயணம் இருபது நிமிஷம், சிலருக்கு இரண்டு வருஷம்.

என் கல்லூரி நண்பன் அங்கே ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக இருக்கிறான். என்னோடு பி.காம். படித்து, பிறகு எம்.சி.ஏ. பண்ணியவன். கேன்டீனில் உட்காரவைத்து, பையன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"தம்பி சொல்றது கரெக்ட்" என்றான் முதலில். பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ரெயில்ஸ் நல்ல சரக்கு. சிகாகோல சின்னக் கம்பெனி, 37சிக்னல்ஸ். அவங்க சொந்த வேலைக்கு பேஸ்கேம்ப்னு ஒண்ணு கட்டினாங்க. அதுல பொதுவா இருந்ததை உருவி, 2004-ல ஊருக்கே ஃப்ரீயா குடுத்தார் டேவிட் ஹைனமயர் ஹான்சன். மறு வருஷம் பதினஞ்சு நிமிஷத்துல ஒரு வலைப்பதிவு கட்டற வீடியோ போட்டார். நாங்க எல்லாரும் வாயைப் பொளந்து பார்த்தோம். ஜாவாவைவிட பத்து மடங்காவது வேகம்னு 2005 ஜனவரியிலேயே கட்டுரை வந்தாச்சு."

"பாத்தீங்களா மாமா?"

"இரு, முடிக்கலை. 2006-ல ட்விட்டரை ரெயில்ஸ்லதான் ஆரம்பிச்சாங்க. சீக்கிரம் கட்டினாங்க, நிஜம். அப்புறம் கூட்டம் வந்துச்சு. தாங்கலை. குருவிங்க எல்லாம் சேர்ந்து ஒரு திமிங்கிலத்தைத் தூக்கற படம் வரும், ஞாபகம் இருக்கா? சைட் படுத்துடுச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு பாகமா வேற மொழிக்கு மாத்தினாங்க. 2011-ல தேடல் பகுதியை ஜாவாவுக்கே கொண்டு போனாங்க. அதே ரெயில்ஸ்ல கிட்ஹப் ஓடுது, ஷாப்பிஃபை ஓடுது. ஓடுதுன்னா சும்மா ஓடலை. அதுக்குப் பின்னாடி பெரிய பட்டாளமே உக்காந்து செதுக்கிட்டு இருக்கு. கருவி மேல தப்பு இல்ல தம்பி. பதினஞ்சு நிமிஷ வீடியோ பொய்யும் இல்ல. பதினாறாவது நிமிஷம் அதுல இல்ல, அவ்வளவுதான்."

நண்பன் தன் கதையையும் சொன்னான். 2008-ல் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது, ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்தான் அன்றைய கதாநாயகன். அதில் ஒரு சாஃப்ட்வேர் எழுதினார்கள். எழுத ஆறு மாதம். பதினாறு வருஷமாகப் பராமரிக்கிறான்.

"2017-ல அமெரிக்காவுல ஈக்விஃபேக்ஸ்னு கடன் விவரம் வெச்சிருக்கற கம்பெனிக்குள்ள திருடன் பூந்தான். சுமார் பதினாலே முக்கால் கோடிப் பேரோட விவரம் போச்சு. எந்த வழியா வந்தான் தெரியுமா? ஸ்ட்ரட்ஸ்ல ஒரு ஓட்டை. அதுக்கு மார்ச்லயே ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டாங்க. இவங்க ஒட்டலை. மே மாசம் பூந்துட்டான். செய்தி வெளில வந்தப்ப எங்க டீம் ஒரு வாரம் வீட்டுக்குப் போகலை, எல்லாத்தையும் திரும்ப சரிபார்த்தோம். ஃப்ரேம்வொர்க்கைக் கட்டிக்கிட்டா அதோட வியாதி வெக்கையும் நம்மளுதுதான்."

"புதுசுக்கு மாறிடலாமே சார்?" என்றான் பையன். குரலில் பழைய வேகம் இல்லை.

"மாறலாம். பக்கத்து டீம்ல ஆங்குலர்ஜேஎஸ் எடுத்தாங்க. கூகிள் சரக்கு, 2010-ல வந்தது. கூகிளே பின்னாடி நிக்குது, கவலையே இல்லன்னாங்க. 2016-ல கூகிளே ஆங்குலர் 2-ன்னு அடியோட மாத்தி எழுதிடுச்சு. பழசும் புதுசும் ஒட்டாது. பழசுக்கான ஆதரவு 2021 கடைசியோட நின்னு போச்சு. பக்கத்து டீம் ஒரே சாஃப்ட்வேரை ரெண்டு தடவை எழுதினாங்க. அந்த ரெண்டாவது தடவையை எந்த டெமோலயும் காட்ட மாட்டாங்க."

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் என்ன சார் படிக்கறது?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்தது எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக வீட்டில் சும்மா இருக்கிற பையனின் குரல். பேனர்கள் குறி வைப்பதும் அந்தக் குரலைத்தான். வேலையில் இருக்கிறவனுக்குப் புது ஃப்ரேம்வொர்க் ஒரு வேடிக்கை. பிடித்தால் எடுப்பான், பிடிக்காவிட்டால் விடுவான். வேலை இல்லாதவனுக்கு அது லாட்டரி டிக்கெட் மாதிரி தெரிகிறது. வாங்குவது அவன், விலை கொடுப்பது அவன் அம்மா.

"மொழி ஒண்ணு ஒழுங்கா படி. டேட்டாபேஸ் படி. எந்த ஃப்ரேம்வொர்க்கும் கடைசில டேட்டாபேஸ் கிட்டதான் வந்து நிக்கணும். அந்த ரெண்டும் தெரிஞ்சா புது ஃப்ரேம்வொர்க் ஒரு மாசத்துல வரும், அது எதுவா இருந்தாலும். ஃப்ரேம்வொர்க் மட்டும் தெரிஞ்சா, அது போறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போயிடும்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். எந்த டெமோவுக்குப் போனாலும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னான். ஆபீஸில் உங்கள் மேனேஜர் புதிதாக எதையாவது பிடித்துக்கொண்டு வந்து எல்லோரும் மாறுங்கள் என்று சொல்லும்போது உங்களுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பத்து மடங்கு என்கிறீர்களே, எதைவிட? எந்த வேலையில்? பக்கத்து வீட்டுப் பையன் பத்து மடங்கு மார்க் என்றால், போன தடவை அவன் வாங்கியது நாலா நாற்பதா என்று தெரிய வேண்டாமா? பெரும்பாலும் 'ஹலோ' என்று ஒரு வரி காட்டுகிற வேகத்தைத்தான் அளந்திருப்பார்கள். எந்தக் கடையும் 'ஹலோ' விற்பதில்லை.

இரண்டு: இதில் கட்டியது எதுவாவது மூன்று வருஷமாக நிஜமான ஜனங்கள் உபயோகித்து ஓடிக்கொண்டிருக்கிறதா? கட்டியவர் இல்லாமல் வேறொருவர் அதைத் திறந்து மாற்றியிருக்கிறாரா?

மூன்று: இது எதற்கு லாயக்கில்லை? இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிறவரை நம்பலாம். 'எல்லாத்துக்கும் லாயக்கு' என்கிறவர் லேகியம் விற்கிறார்.

அன்று சாயங்காலம் மறுபடி அமீர்பேட். பையன் தானாகவே இன்னொரு மாடி ஏறினான். ஜாவா, டேட்டாபேஸ், மூன்று மாதம், ஒன்பதாயிரம் ரூபாய். டெமோவுக்கு நாற்பது பேர்கூட இல்லை. வாத்தியார் திரையே போடவில்லை. கரும்பலகையில் இரண்டு கட்டம் வரைந்து, "ஒரு ஸ்டூடண்ட் ரெண்டு கோர்ஸ் எடுத்தா எங்கே எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அதையே பேசினார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் பையன் நாலு பக்கம் எழுதியிருந்தான். நோட்டை எட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'பழைய பில் - விலை, வரி அதிலேயே எழுதணும்' என்று இருந்தது.

அக்கா ஒரு வளையல்தான் அடகு வைத்தாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் ஒரே ராத்திரியில் மாறின. 12, 28 என்ற படிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு 5, 18 என்று ஆக்கினார்கள். சோப்பும் பற்பசையும் 18-லிருந்து 5-க்கு இறங்கின. பாக்கெட் பரோட்டாவின் கதை தனிக் காவியம். 2020-ல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பாணையம், பரோட்டா ரொட்டி ஜாதியில் சேராது, 18 சதவீதம் கட்டு என்றது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் 5 போதும் என்றது. செப்டம்பர் 22 முதல் ரொட்டி, பரோட்டா எல்லாம் ஒரே ஜாதி, வரி பூஜ்யம். இந்தக் கதையை எந்த ஃப்ரேம்வொர்க்காவது முன்கூட்டி யோசித்து வைத்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

பையன் அதற்குள் கோயமுத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தான். 22-ம் தேதி காலை ஆறு மணிக்கு ஃபோன்.

"மாமா, ராத்திரி பூரா தூங்கலை. எல்லாக் கடைக்கும் ரேட் மாத்திட்டோம். காலைல முதல் கடை திறந்ததும் ஒருத்தர் போன வாரம் வாங்கின சோப்பைத் திருப்பிக் கொண்டு வந்துட்டார் மாமா!"

"ஐயையோ! என்ன ஆச்சு?"

"பழைய பில்லைத் திறந்தோம். 18 அப்படியே இருந்துச்சு. அதே 18-க்கு கிரெடிட் நோட்டு. புது பில்லுக்கு 5. ஒரு பைசா இடிக்கலை."

எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதியது என்று கேட்டேன். ஒரு பழைய பெயரைச் சொன்னான். அமீர்பேட்டில் அதற்கு இப்போது போர்டு இருக்குமா என்பது சந்தேகம்.

"சரி, இப்பவாவது போய்ப் படுடா."

"பரோட்டா சாப்ட்டுட்டு இருக்கேன் மாமா. நைட் ஷிஃப்ட்காரங்களுக்காக விடிய விடியத் திறந்திருக்கற ஓட்டல். பாக்கெட்ல வாங்கினா ஜீரோ. ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்டா இன்னமும் அஞ்சு பர்சென்ட். அதையும் சேத்துதான் எழுதி வெச்சிருக்கோம்."